இரண்டு விளக்கும் கடலைப் பார்த்து

"நீ இன்னா தொழில் பண்ற?" என்று யாராவது கேட்டால் மோகன்குமார் திருதிருவென்று முழிப்பான். நாற்பது வயதாகிறது, இந்தக் கேள்விக்கு நேராக ஒரு பதில் அவனிடம் கிடையாது. பழவேற்காடு பஜாரில் 'மோகன் டிஜிட்டல்' என்று போர்டு தொங்குகிறது. காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, நிக்காவா, பாஸ்போர்ட் சைஸில் எட்டு காப்பியா, எல்லாவற்றுக்கும் அவன்தான். ஆனால் மீனவர் அட்டையில் தொழில் மீன்பிடிப்பு என்று இருக்கிறது. வலையைத் தொட்டு நாலு வருஷமாகிறது.

அந்த நாலு வருஷம்தான் இப்போது வினையாக வந்து நின்றது. முகத்துவாரத்தை ஒட்டியிருக்கும் அவனுடைய குப்பத்தில், ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் பட்டியலில் பேர் உண்டு, பேர் இருந்தால் முறை வரும். மோகன்குமாரின் முறைக்கு அவன் மனைவி மாலாவின் தம்பி தேவேந்திரன்தான் போய் வலை கட்டிவிட்டு வருவான். "கால் நனையாதவனுக்கு பாடு எதுக்கு?" என்று ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. அவன் பேரை வைப்பதா, எடுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்று ஊர்த் தலைவரான நாட்டார் தேசப்பன் சொல்லிவிட்டார்.

பேர் போனால் இறால் மட்டுமா போகும்? கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. அம்மன் திருவிழாவுக்கு அவனிடம் வரி வாங்க மாட்டார்கள். "பேரில்லாதவன் ஊட்டு பொண்ண எவன் கட்டுவான்?" என்று மாலா மூக்கைச் சிந்தினாள். மகள் ஐஸ்வர்யாவுக்கு இப்போதுதான் பன்னிரண்டு வயது, அதற்குள் மாலா கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்விட்டாள்.  மோகன்குமாருக்கோ பேரை விட மனசில்லை, கடலுக்குப் போகவும் மனசில்லை. இது என்ன கண்றாவி என்று அவனுக்கே புரியவில்லை.

இப்படி அவன் குழம்பிக் கிடந்த வியாழக்கிழமை பார்த்துத்தானா ஹாமித் வர வேண்டும்? பாத்திரக்கடை காஜா மைதீனின் மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கடை வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டே கதவு, கறுப்பு நிறம், தரையோடு தரையாகக் கிடந்தது. ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த நிஸான் கம்பெனி பந்தய வண்டியாம். மூன்றாவது கையாக வாங்கியிருக்கிறான்.

"ஊரு பூரா வெச்சு எடுக்கணும்ணே. நைட்ல. பகல்ல எடுத்தா கூட்டம் கூடிடும்."

"சரி, கூட யாரு நிப்பாங்க?"

"யாரும் இல்லண்ணே. கார் மட்டும்தான்."

மோகன்குமாருக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபது வருஷத்தில் மனுஷ முகமே இல்லாமல் அவன் ஒரு படம் எடுத்ததில்லை. சாவு வீட்டுக்குப் போனால்கூட அங்கே ஒரு முகம் இருக்கும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு வீட்டில் புரண்டுகொண்டிருப்பதற்கு இது தேவலை.

ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினார்கள். விளக்குப் பிடிக்க தேவேந்திரன் வந்தான். முதலில் பஸ் ஸ்டாண்ட். கேமராவுக்குள் பார்த்தால் டீக்கடை பல்பு தெரிகிறது, பரோட்டாக் கடை போர்டு தெரிகிறது, தேவேந்திரனின் தொப்பை தெரிகிறது. எல்லாம் அந்தக் கறுப்பு வண்டி மேல்தான் தெரிகிறது, வண்டியைத்தான் காணோம். "கொஞ்சம் மொகத்த தூக்குங்க" என்று பழக்க தோஷத்தில் காரிடமே சொல்லிவிட்டான். ஹாமித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்து டச்சுக்காரர் கல்லறை வாசல். வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் மற்ற இருவரும் இறங்கிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் வண்டியின் அடி இடித்தது. பாலத்துக்கு வந்தபோதுதான் மோகன்குமாருக்கு விஷயம் பிடிபட்டது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஷட்டரை முப்பது விநாடி திறந்து விட்டு, தேவேந்திரனைப் பக்கவாட்டில் விளக்கோடு மெல்ல நடக்கவிட்டான். திரையில் பார்த்தால், அடேயப்பா! இருட்டுக்குள்ளிருந்து வண்டியின் முதுகு வெள்ளிக் கோடாக எழுந்து வந்திருந்தது, பின்னால் ஏரி.  இதுவரை எடுத்ததெல்லாம் ஒரு படமா என்று அவனுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக மறந்துபோனது.

ஒரு மணிக்கு அவனுடைய குப்பத்துக்கே வந்தார்கள். மீன் ஏலம் போடும் இடத்தோடு சிமென்ட் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலில் பலகை போட்டு, வண்டியை அலையோரம் வரைக்கும் உருட்டினார்கள்.

"கடல பாத்து லைட்ட போட்டா செமையா இருக்கும்ணே" என்றான் ஹாமித்.

போட்டான். இரண்டு ஹெட்லைட்டும் முகத்துவாரத்தைத் தாண்டிப் பாய்ந்தன. மோகன்குமார் ஒன்று எடுத்தான், சரியில்லை, இன்னொன்று எடுத்தான். இருபது நிமிஷம் விளக்கு அணையவே இல்லை.

தேவேந்திரன்தான் இழுத்தான். "மாமா, ரெண்டு லைட்டும் கடல பாத்துக்கினு கீது..."

"தெரியுது மச்சான். நீ ஆடாத, நெழலு விழுது."

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது. பச்சையம்மா தலைவிரி கோலமாக மணலில் ஓடிவந்தாள். அவள் புருஷன் அன்று கடலில் இருந்தான். அவளுக்குப் பின்னால் பாதிக் குப்பம் ஓடி வந்தது.

"எந்த படகுடா? யாரு வரல? சொல்லேண்டா!"

 "எந்த படகு? இன்னா ஆச்சு?" என்று மோகன்குமார் அவளையே திருப்பிக் கேட்டான். கேட்டதோடு நிற்காமல், எந்தப் படகைக் காணோமோ என்று பதறி அவனும் கடலைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் உறைத்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு படகு திரும்பவில்லை என்றால், ஷேர் ஆட்டோவோ டிராக்டரோ கையில் கிடைத்த வண்டியைக் கொண்டுவந்து இரண்டு விளக்கையும் முகத்துவாரத்தைப் பார்த்துப் போட்டு நிறுத்துவார்கள். அதைக் கண்டால் கடலில் இருக்கிற அத்தனை பேரும் வலையை விட்டுவிட்டுத் தேடுவதற்குத் திரும்ப வேண்டும். மோகன்குமாருக்குத் தெரியாதா? பதினெட்டு வயதில் ஒரு ராத்திரி பூரா அவனே டிராக்டர் மேல் உட்கார்ந்து விளக்குக் காட்டியிருக்கிறான். அப்புறம் எப்படி? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

கடலிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாலு படகும் வந்து சேர்ந்தன. சிலர் வலையை அறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பச்சையம்மா தன் புருஷனைக் கண்டதும் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். "இன்னாண்ணே ஆச்சு?" என்று ஹாமித் ஒவ்வொருவரிடமாகக் கேட்டான். 

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் எதிரே ஆம்பளைகள் எல்லோரும் மணலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். தேசப்பன் முதலில் விளக்கு விவகாரத்தைத்தான் எடுத்தார். தேவேந்திரனை எழுப்பி நிறுத்தினார்.

"தொழில்காரன்தான நீ? லைட்டு கடல பாத்து நின்னா இன்னானு தெரியாது? வலையறுத்துக்கினு வந்தவனுக்கு எவன் பதில் சொல்றது?"

தேவேந்திரனுக்குத் தெண்டமும் போட்டு, அடுத்த இரண்டு முறை பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார். அவன் மோகன்குமாரை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

மோகன்குமார் தானாகவே எழுந்தான். "பெரிப்பா, அவன் சொன்னான். நான்தான் ஆடாதனு அடக்கனேன். தெண்டம் எனக்கு போடுங்க."

"உனக்கு இன்னாத்துக்கு? டவுன்ல கடை வெச்சிக்கினு கீற ஆளு, தெரியாம பண்ட்ட. அந்த பாய் புள்ளைக்கு போட்டமா? அத்த மாதிரிதான் இதுவும்."

"எனக்கு தெரியும் பெரிப்பா."

"தெரிஞ்சேவா பதினாலு படக கூப்ட?"

 தெரியும் என்றால் துரோகி, தெரியாது என்றால் மீனவனே இல்லை. இரண்டில் எது நிஜம் என்று மோகன்குமார் தனக்குள்ளேயே தேடிப் பார்த்தான். "தெரியல" என்றுதான் வாயில் வந்தது.

"அதான் சொல்றேன், உடு."

"எனக்கும் போடுங்க பெரிப்பா, ரெண்டு மடங்கா போடுங்க!"  எவனாவது காறித் துப்பமாட்டானா, நாலு கெட்ட வார்த்தை சொல்லமாட்டானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. "உட்டுடுங்க, பாவம்" என்று ஓரத்திலிருந்து பச்சையம்மாவே சொன்னாள். அந்தப் பாவம் அவனுக்கு செருப்படியை விட வலித்தது.

"அப்ப என் பேரு?"

 தேசப்பன் கோயில் அறைப் பக்கம் கையைக் காட்டினார். ஒருத்தர் போய், மீன்துறை அதிகாரி வந்தால் போடுகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி. இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க?" என்றார் தேசப்பன். நாற்பது வருஷமாக அவனை "டேய் மோகனு" என்று கூப்பிட்ட மனுஷர்.

மோகன்குமார் நாற்காலியைப் பார்த்தான். தேவேந்திரனுக்குப் பக்கத்தில், தான் எழுந்து வந்த மணலையும் பார்த்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூட்டம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தான்.