தொட்டிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்

ரோஸ்மேரி என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. சாத்தான்குளத்துச் சொந்தக்காரர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர்ல போர்டு எழுதிப் போடுதா" என்பாள். அதில் பெரிய தப்பும் இல்லை. வேலம்பாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு நிட்டிங், சாயம் போடும் டையிங், தையல் என்று பல ஷெட்டுகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர். அதனோடு இணைந்த ஸ்கிரீன்கள் நூற்றறுபது. காலையில் யார் பாஸ்வேர்டு அடித்து உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுவது ரோஸ்மேரி எழுதிய இரண்டு மூன்று வரிகள்தான். ஞாயிறு சிஸ்டம் ஓடாது, பாஸ்வேர்டை மாற்றுங்கள், இப்படி. பதினோரு வருஷமாக அவள்தான் எழுதுகிறாள், காலாவதியானதை எடுக்கிறாள்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு டையிங் மேனேஜர் லிங்கசாமி போனில் வந்தார்.

"ஏம்மா, கழிவுத் தொட்டியில சேறு அள்ள மூணு பேர எறக்கீருக்கறோம். ஒரு மணி வரைக்கும் எந்த மெஷின்லயும் தண்ணியத் தொறந்து விடப்புடாது. எல்லாத்துக்கும் மெசேஜ் போட்டுருங்க. நான் வெளிய இருக்கறனுங்க."

"போட்டுர்றேன் சார்."

அடித்தாள். தொட்டிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், மெஷின் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் வால்வைத் திறக்க வேண்டாம். பட்டனைத் தட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

பத்து நாற்பதுக்கு மெசேஜ் யார் யாருக்குப் போனது என்று காட்டும் பட்டியலை எதற்கோ திறந்தபோதுதான் பார்த்தாள். மெசேஜ் போய்ச் சேர்ந்தது மூன்று பேருக்கு. மூன்றும் ஸ்டோர்ஸ் ஆட்கள். டையிங் ஷெட்டில் ஒருவர்கூட இல்லை.

ஏன் என்று உடனே விளங்கிவிட்டது. அவள் போட்டது லாகின் மெசேஜ். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்குத்தான் அது தெரியும். டையிங் ஆட்கள் எட்டு மணிக்கே உள்ளே வந்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உடனே அனுப்ப வேறு கட்டளை உண்டு. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே இவள்தான். கை பழக்கத்தில் போய்விட்டது.

ஆறாம் நம்பர் மெஷினில் சாயம் ஏற்றி முடிகிற நேரத்தை ஸ்கிரீனில் பார்த்தாள். பத்து ஐம்பது. முடிந்ததும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் சாயத்தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது நேராகப் போவது அந்தத் தொட்டிக்கு.

சரியான கட்டளையை அடிக்கும்போது விரல் இரண்டு தடவை பிசகியது. மெசேஜ் போனது. ஸ்கிரீன் முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால்தானே? ஷெட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிங்கசாமியின் லைனும் கிடைக்கவில்லை.

ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பேக்கிங் ஷெட்டைச் சுற்றி, துணி ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே, வாய்க்குள் "மாதாவே, மாதாவே" என்று மட்டும் வந்தது. அந்த மூன்று பேர் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆறாம் மெஷின் பக்கத்தில் ஆபரேட்டர் வேல்குமார் வால்வைச் சுற்றிக்கொண்டிருந்தான். கத்தினாள். மெஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மூடுங்க! தொட்டியில ஆளு நிக்கு!"

"ஐயோ, எனக்கு யாருமே சொல்லலீங்களே!" அவன் திருப்பி மூடினான். அதற்குள் கொஞ்சம் போய்விட்டது.

இருவரும் தொட்டிக்கு ஓடினார்கள். உள்ளேயிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்க ரோஸ்மேரிக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். யாரோ அலறுவது கேட்டதும்தான் உயிர் இருக்கிறது என்று கண்ணைத் திறந்தாள். இரண்டு பேர் மேலே ஏறிவிட்டார்கள். ராக்கையா என்பவர் மட்டும் ஏணியில் பாதியில் தொங்கினார். வலது பாதம் வெந்திருந்தது. வேல்குமார் குனிந்து தூக்கினான்.

லிங்கசாமி வந்து சேர்ந்ததும், அவர் கேட்பதற்கு முன்னால் இவளே சொன்னாள்: "தப்பு எம்மேலதான் சார். மெசேஜ மாத்திப் போட்டுட்டேன்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வால்வப் பூட்டாம ஆள எறக்குனது நானுங்கம்மா" என்றார்.

ராக்கையா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள் ரோஸ்மேரி போய்ப் பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "பெறகு ஓடி வந்தியே தாயி" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

இப்போது வால்வுக்குப் பூட்டு வந்துவிட்டது. சாவி தொட்டிக்குள் இறங்குகிறவரின் பையில் இருக்கும். ரோஸ்மேரி அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். ஆள் சம்பந்தப்பட்ட மெசேஜ் என்றால் அனுப்பியபின் ஒவ்வொரு ஷெட்டுக்கும் போன் போடுகிறாள். மறுமுனையில் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடிக்கும்வரை அவள் போனை வைப்பதில்லை.