நூத்தியஞ்சும் எட்டுப் பல்லும்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூத்தியஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன பைக்குகளை வேகமாக ஓட வைப்பது அவர் தொழில். எந்த நூறு சிசி வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் மூன்றே நாளில் மீட்டர் முள் நூற்றைந்தைத் தொடும். நூற்றிரண்டு கிடையாது, நூற்றெட்டு கிடையாது. புது வண்டிக்கும் நூற்றைந்து, பத்து வருஷப் பழசுக்கும் நூற்றைந்து. இது என்னடா கூத்து என்று எட்டு வருஷத்தில் ஒருத்தனுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

இதைவிட இன்னொன்று. எஞ்சினின் பலத்தைக் கூட்டினால் பெட்ரோல் குடிக்கும். உலகம் பூராவும் அப்படித்தான். மாமா கை வைத்த வண்டி மட்டும் வேகமும் கூடி, மைலேஜும் கூடி வரும். லிட்டருக்கு ஐம்பத்தாறு கொடுத்துக்கொண்டிருந்த என் வண்டி, அவரிடம் போய்வந்த பிறகு எழுபது கொடுத்தது. நான் மைலேஜ் பைத்தியம். வண்டியை எடுக்கும்போதெல்லாம் மீட்டரில் கிலோமீட்டரைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பேன். எழுபது வந்த அன்றைக்கு அந்த நோட்டைத் தெரு முழுக்கக் காட்டினேன். அதைப் பார்த்து மட்டும் ஏழு பேர் மாமாவிடம் வண்டி விட்டார்கள்.

மாமாவின் கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு அறை. சுவரில் ஆணி அடித்து உடைந்த பிஸ்டன்களை வரிசையாக மாட்டியிருப்பார். வண்டியை வாங்கினதும் மூலையில் நிறுத்தி நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுவார். இரண்டு நாள் அது அப்படியே மூடிக் கிடக்கும். கேட்டால் சிலிண்டர் லேத்துக்குப் போயிருக்கிறது, கார்புரேட்டருக்கு ஜெட் வரவேண்டும் என்பார். மூன்றாம் நாள் சைலென்சர் ஒரு உறுமல் உறுமும், செயின் இறுக்கமாக இருக்கும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் முள் துள்ளி எழும். ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவன் முகத்தில் கல்யாணக் களை வந்திருக்கும். மாமாவோ கையைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட் போட்டுக்கோப்பா என்று மட்டும் சொல்வார். அவர் கடைக்கு வருவதும் போவதும் சைக்கிளில். ஏன் மாமா என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு என்ன அவசரம் என்றார்.

எனக்கு அவசரம் இருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இயந்திர பாகங்கள் செய்கிற இடம். செய்து வருகிற ஒவ்வொரு பாகமும் அளவு சரியாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிற வேலை. மாதா மாதம் நிலையான சம்பளம், சீருடை, மருத்துவச் செலவு. எனக்கு அப்போது முப்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. முப்பதுக்கு மேல் அங்கே எடுக்க மாட்டார்கள். அதாவது, இதை விட்டால் இல்லை. ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவோம் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஏழு மணிக்கே கிளம்பியிருப்பான். என் வண்டிதான் நூற்றைந்து போகிற வண்டி ஆயிற்றே! சீராக எண்பதில் போனால் அறுபது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். எட்டு பத்துக்குக் கிளம்பினால் எட்டு ஐம்பத்தைந்துக்கு அங்கே இருப்பேன், தலை வாரிக்கொள்ள ஐந்து நிமிடம் மிச்சம். அக்கா சீக்கிரம் போடா, சீக்கிரம் போடா என்று காலையிலிருந்து பிடுங்கினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்று அவளுக்கே பழமொழி சொல்லிவிட்டு நிதானமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மேதாவி.

சாலை காலியாக இருந்தது. முள் எண்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் எங்கேயும் நிற்கவில்லை, எதற்கும் வேகத்தைக் குறைக்கவில்லை. தொழிற்சாலைக்கு முன்னால் போய் இறங்கும்போது கேட் சாத்தியிருந்தது. காவல்காரர் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்பது ஆறு. ஐயா, அண்ணே, சார் என்று எனக்குத் தெரிந்த உறவெல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். கம்பி வழியாக உள்ளே பார்த்தால் என்னைப் போல் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலி காலி. அது என்னுடையது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்தேன். கிளம்பும்போது குறித்த எண்ணையும் மீட்டர் இப்போது காட்டின எண்ணையும் கழித்துப் பார்த்தேன். எழுபத்தைந்து. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மைல்கல் எங்கள் ஊருக்கு அறுபது என்றது. மைல்கல் பொய் சொல்லாது, அதற்கு அக்கா வீட்டுக்காரர் யாரும் கிடையாது. நான்கு கிலோமீட்டர் ஓடினால் என் மீட்டர் ஐந்து என்று எழுதுகிறது. எண்பது என்றால் அறுபத்து நாலு. நூற்றைந்து என்றால் எண்பத்து நாலு, எந்த நூறு சிசி வண்டியும் சும்மாவே போகிற வேகம். எழுபது மைலேஜ் என்றால் அதே பழைய ஐம்பத்தாறு. முழுப் பூசணிக்காயை இந்த மனுஷன் எட்டு வருஷம் சோற்றில் மறைத்திருக்கிறார், நாங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம்.

நேரே கடைக்குப் போனேன். மூன்று வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். மானத்தை வாங்குவது என்று முடிவு பண்ணிவிட்டேன். முள் காட்டுவது பொய், எஞ்சினில் ஒரு மண்ணும் செய்யவில்லை, மீட்டரில்தான் கை வைத்திருக்கிறார் என்று கத்தினேன். நோட்டை விரித்துக் கணக்கைக் காட்டினேன். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். லேட்டாக் கிளம்பிட்டு மாமாவச் சொல்றியேப்பா" என்றார். இன்னொருத்தர், தன் வண்டி நூற்றைந்து போனபோது காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, கண்ணீரும் பொய்யா என்று கேட்டார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் என் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றினார். அதன் பிரேக் டிரம்முக்குள்ளிருந்து ஒரு சின்னப் பல்சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சக்கரம் சுற்றுகிற கணக்கை மீட்டருக்குச் சொல்கிறது அதுதான். கம்பெனி போட்டது பத்துப் பல். லேத்தில் சொல்லி இவர் வெட்டி வாங்கியது எட்டு. அவ்வளவுதான் வித்தை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கின பல்லையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மாமா சுவரில் கடைசியாகத் தொங்கின பிஸ்டனைக் காட்டினார். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லாம் நிஜமாகவே செய்தாராம். ஒரு கூரியர்காரரின் நூறு சிசி வண்டிக்கு சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, ஜெட்டை மாற்றி, நிஜமாகவே நூற்றைந்து போக வைத்தார். வண்டி பறந்தது. ஒரு வளைவில் நின்றுகொண்டிருந்த லாரிக்குப் பின்னால் போய்ச் சொருகியது. தொடை எலும்பு இரண்டு துண்டு.

"எஞ்சினைப் பெருசாக்கிட்டேன். பிரேக்கு அதே பழைய பிரேக்குதானே, அத நான் யோசிக்கவே இல்ல" என்றார். "ஆறு மாசம் கழிச்சு ஊன்றுகோலோட வந்தாரு. அடிக்கப் போறார்னு நெனச்சேன். வண்டி சூப்பராப் போச்சுண்ணே, அதே மாதிரி இன்னொண்ணு பண்ணிக் குடுங்கங்கிறாரு."

அந்த இரண்டாவது வண்டிக்குத்தான் முதல் எட்டுப் பல். மனிதர் இன்றுவரை அதில்தான் போகிறார். நூற்றைந்து தொடுகிறது என்று சொல்லிக்கொண்டே, பத்திரமாக.

அதெல்லாம் ஊருக்குச் சரி, எனக்குமா என்று கேட்டேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பதில் வீட்டில் கிடைத்தது. அக்கா, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "நான்தான் போடச் சொன்னேன். அவரு உன்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்னாரு, நான்தான் விடல. நீ முள்ளப் பாத்துத்தானே ஓட்டுற, ரோட்டையா பாக்குற?" என்றாள். வேலை போய்விட்டதே அக்கா என்றேன். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பத்துப் பல்லையே மாட்டித் தரச் சொன்னேன். மாமா மறு பேச்சில்லாமல் மாட்டினார். இரண்டு மாதத்தில் முப்பது முடிந்தது. பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலை கிடைத்தது, சீருடை கிடையாது, அந்தச் சம்பளத்தில் பாதி. தினமும் உண்மையான மீட்டரோடு வேலைக்குப் போய்வந்தேன். ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினாலும் முள் எண்பத்து நாலுக்கு மேல் அசையாது. அதே வண்டி, அதே சாலை, அதே காற்று. ஆனால் கட்டை வண்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. லிட்டருக்கு ஐம்பத்தாறு என்று நோட்டில் எழுதவே கை வரவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் வண்டியில் என் பக்கத்தில் வரும்போதெல்லாம், அவர் போவதும் என் வேகம்தான் என்று தெரிந்தும் வயிறு எரிந்தது.

எத்தனை நாள்தான் தாங்குவது? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"மாமா, பழையபடியே மாட்டிக் குடுத்துடுங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். என் எட்டுப் பல் கிரீஸ் தடவித் தயாராக இருந்தது. எத்தனை நாளாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாரோ. மாட்டி முடித்துவிட்டு, வழக்கம்போல ஹெல்மெட் போட்டுக்கோப்பா என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தொண்ணூற்றைந்து தொட்டேன். காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கணக்குப் போட்டால் எழுபத்தாறுதான். நான் கணக்குப் போடவில்லை.