மனுவில் முதல் கையெழுத்து

சலவைக் கடையின் பின்னறையில், கொதிகலனிலிருந்து இஸ்திரி மேசைக்குப் போகும் ஆவிக் குழாயின் மேல்தான் மேனேஜரின் இருக்கை. மூக்கிலிருந்து வால் நுனிவரை நாலடி நீளம். பச்சை உடம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல். தூர தேசத்துக் காடுகளில் வாழும் இகுவானா என்ற ஓணான் இனம்; சூடு இல்லாவிட்டால் பிழைக்காது. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே வெந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்து அவ்வப்போது தலையை மட்டும் ஆட்டும். அதனால் அந்தப் பெயர். வைத்தது இஸ்திரிக்காரரின் மனைவி.

மூன்று வருடம் முன்பு யாரோ அதை ஒரு ஷூ டப்பாவில் அடைத்துக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குட்டியில் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். வளர வளரக் கசந்திருக்கும். எலும்பும் தோலுமாகக் கிடந்தது. பின்காலில் இரண்டு விரல்கள் இல்லை. இஸ்திரிக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு அவர் திட்டிய திட்டில் மனைவியே வாயடைத்துப் போனாள்.

அந்தக் கோபம் ஆறவே இல்லை. இந்த மாதிரி உயிர்களை விற்கத் தடை கேட்டு ஒரு கல்லூரிப் பெண் மனுவோடு வந்தபோது, முதல் கையெழுத்து அவர்தான் போட்டார். அதோடு விடவில்லை. மனுவைக் கடையிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் மடக்கினார்.

"கையெழுத்துப் போட்டாத்தான் சட்டை."

"அண்ணே, என் பேன்ட்டைப் பிணையா வெச்சுக்கிட்டு மிரட்டுறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே போட்டார் பள்ளி வேன் டிரைவர்.

மருந்துக் கடைக்காரர் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"வளர்க்கத் தெரிஞ்சவன் வளர்த்துட்டுப் போறான். எவனோ ஒருத்தன் தூக்கிப் போட்டான்னு எல்லாரையும் தண்டிக்கிறதா?"

"விக்கிறவனைத்தான் சார் பிடிப்பாங்க."

"சட்டம் வந்தா உங்களையும் சேத்துத்தான் பிடிக்கும்."

"என்னை எதுக்கு சார்? நான் காப்பாத்தினவன்தானே?"

போன மாதம் சட்டம் வந்தது. விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பட்டியலில் பதினேழாவதாக இகுவானா. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் வாங்கிய ரசீதைக் காட்டினால் உரிமம் கிடைக்கும். ரசீது இல்லாதவர்கள் ஒரு மாதத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும்.

இஸ்திரிக்காரர் அந்தப் பத்தியை நாலு தடவை படித்தார். டப்பாவில் போட்டுவிட்டுப் போனவனிடம் ரசீது இருந்திருக்கும். அவனே வைத்திருந்தால் அவனுக்கு உரிமம் உண்டு.

உரிமம் கேட்டு வனத்துறை அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே கையை விரித்தார்கள். கடைசியில் வேன் டிரைவர்தான் யோசனை சொன்னார்: "செல்லப்பிராணி கடைக்காரர்கிட்ட பழைய தேதி போட்டு ஒரு பில்லு கேளுங்கண்ணே. ஊருக்குள்ள இதை வித்ததே அவர் ஒருத்தர்தான்."

கூசிக்கொண்டேதான் போனார். கடையில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. காலிக் கண்ணாடித் தொட்டிகளை உரிமையாளர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மனுவோட நகலை எனக்கும் அனுப்பினாங்கண்ணே. முதல் பேரு உங்களோடது." குரலில் கோபம்கூட இல்லை. "பில்லு எழுதிக் குடுத்திருப்பேன். சோதனைக்கு வந்தவங்க பில் புத்தகத்தையும் சேத்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

இஸ்திரிக்காரர் ஒரு தொட்டிக்குக் கை கொடுத்து இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

கெடு முடிந்த அன்று காலையில் ஒரு பெண் அதிகாரி கூண்டுடன் வந்தார். கையில் நுனியில் சுருக்கு வைத்த நீளக் கம்பு. அதைக் கண்டதும் மேனேஜர் உடம்பை உப்பிக்கொண்டு, வாலால் சுவரில் படீரென்று அடித்தது.

"சுருக்குப் போட்டு இழுத்தா வால் ஒடிஞ்சிரும்மா," என்றார் இஸ்திரிக்காரர்.

"ஒடிச்சே கொண்டு போகட்டும்!" மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏங்க, நீங்க மட்டும் இறக்கிக் குடுக்காதீங்க. அந்தப் பாவம் அவங்களோடயே இருக்கட்டும்."

"எங்கம்மா கொண்டு போறீங்க?"

"காப்பகம் நிறைஞ்சு வழியுதுங்க. இடம் கிடைக்கிற வரைக்கும் கொட்டகையில இருக்கும்."

"கிடைக்கலைன்னா?"

அதிகாரி கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

கம்பு மேலே போனபோது இஸ்திரிக்காரர் அதைப் பிடித்துத் தாழ்த்தினார். வெறுங்கையைக் குழாய்வரை நீட்டினார். மேனேஜர் உப்பலைத் தணித்து, அவர் கை வழியே தோளுக்கு இறங்கியது. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் இறங்கியிருக்காது. மனைவி முன்னறைக்குப் போய்விட்டாள்.

இஸ்திரிக்காரர் ஒரு தடித்த துண்டை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தார். ஆவி பறக்க அதை மடித்துக் கூண்டுக்குள் போட்டார். சூட்டை உணர்ந்ததும் அது தானாகவே உள்ளே போய், வயிற்றைத் துண்டில் பரப்பிக் கண்ணை மூடிக்கொண்டது.

"எவ்வளவு நேரம் போகணும்மா?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இந்தச் சூடு அரை மணி நேரம்தான் தாங்கும்."

"வண்டியில ஹீட்டர் இல்லைங்க," என்றார் அவர், மெதுவாக.

இஸ்திரிக்காரர் இன்னொரு துண்டை எடுத்து மேசையில் விரித்தார்.