புகைபோக்கிக்கு மேலே வானம்

கல்யாண போட்டோ எடுக்கிறவருக்கு முகூர்த்த நாளில் தூக்கம் கிடையாது, வானத்தை போட்டோ எடுக்கிறவருக்கு அமாவாசையில் கிடையாது. நான் இரண்டையும் செய்கிறேன். எனக்கு எப்போது தூக்கம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின புத்தூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பகலில் பாஸ்போர்ட் போட்டோ, சீசனில் கல்யாணம், நிலா இல்லாத ராத்திரிகளில் பூட்டிக் கிடக்கிற ஆலைகள். உங்களில் யாருக்காவது இந்தக் கிறுக்கு பிடித்திருந்தால், கீழே வருவதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

கருப்புத் துணி

சித்தூரில் ஒரு ரிசப்ஷன் முடித்துவிட்டு நானும் என் வீட்டுக்காரர் குமாரும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் நகரியில் விசைத்தறி மெக்கானிக். கல்யாணங்களில் எனக்கு லைட் பிடிப்பவரும் அவர்தான். பாதி வழியில் பின் சக்கரம் பஞ்சர். அவர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருக்க, நான் சும்மா வயல் பக்கம் திரும்பினேன். தூரத்தில் மூடிப்போன சர்க்கரை ஆலை, நடுவில் நெடுநெடுவென்று அதன் புகைபோக்கி. மேலே வெள்ளையாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்து எத்தனையோ வருஷமான ஆலையில் ஏது புகை என்று உற்றுப் பார்த்தேன். அது புகை இல்லை, பால்வெளி. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரு வெள்ளைப் பட்டையாகப் புகைபோக்கியின் வாயிலிருந்து கிளம்பின மாதிரி நின்றன.

பையிலிருந்து கேமராவை எடுத்து, மணமகனையும் மணமகளையும் எடுக்கிற அதே மாதிரி எடுத்தேன். பின்னால் இருக்கிற திரையில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, இன்னொன்று. குமார் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கருப்புத் துணிய போட்டோ புடிச்சாப்ல கீது."

அன்றைக்கு ஏறினதுதான் இந்தப் பிடிவாதம்.

வீட்டில்

கேமராவை ஆடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை இருபது செகண்ட் திறந்து வைத்தால்தான் நட்சத்திரம் விழும் என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நிலா இருந்தால் வானம் வெளுத்துவிடும், அதனால் அமாவாசைதான் தோது. இதை என் மாமியாரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "அமாவாசை அதுவுமா எல்லாரும் வெளக்கு ஏத்துவாங்க, எங்க வூட்டு மருமவ வெளக்கே இல்லாத எடமா தேடிக்கினு போவுது."

ரோட்டில் நின்ற ஜீப்

ஆலையை ஏலத்தில் எடுத்தவர்களின் மேனேஜரிடம் போனிலேயே அனுமதி வாங்கிவிட்டேன். அவர் தாராளமாகச் சொன்னார், "எடுத்துக்கங்கம்மா, அடுத்த மழைக்கு முன்னாடி நாங்களே அந்த சிம்னிய இடிச்சிடுவோம்" என்று. எனக்கு அனுமதியும் கிடைத்தது, கூடவே ஒரு கெடுவும் கிடைத்தது.

முதல் பயணத்திலேயே ரோட்டில் போலீஸ் ஜீப் எங்களை நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் ராத்திரியில் தமிழ் பேசிக்கொண்டு நீளமான பையோடு போனால் இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று செம்மரக் கடத்தல், இன்னொன்று புதையல். அதிலும் அமாவாசை. இன்ஸ்பெக்டர் தெலுங்கில் ஆரம்பித்தார், நான் தெலுங்கில் பதில் சொன்னேன், குமார் பயத்தில் தமிழுக்கு மாறிவிட்டார். பையைப் பிரித்தார்கள். ஸ்டாண்டின் மூன்று காலையும் இழுத்துப் பார்த்தார்கள். பூமிக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற மெஷினா என்று ஒரு கான்ஸ்டபிள் கேட்டார். மேலே இருப்பதை எடுக்கிற மெஷின் என்றேன். வீட்டு மாடியிலிருந்து எடுத்த நட்சத்திரப் படங்களைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பெரிதாக்கியும் பார்த்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிஜமாகவே குழம்பிப்போய் எங்கள் தமிழிலேயே கேட்டார்: "செம்மரமும் இல்ல, புதையலும் இல்ல. அப்போ இன்னாத்துக்கும்மா இந்நேரத்துல வந்தீங்க?"

வாட்ச்மேன் லைட்

ஆலைக்கு வாட்ச்மேன் முனிரத்தினம். கேட்டுக்கு மேலே ஒரு பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு அதன் கீழேயே உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு லைட் போதும், புகைபோக்கி பளபளவென்று ஆகி வானம் செத்துவிடும். கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். இருட்டினால் செம்புக் கம்பி திருடுகிறவர்கள் சுவர் ஏறி வருவார்களாம். போன தடவை வந்தவர்கள் அவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கையில் தழும்பைக் காட்டினார். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த அமாவாசைக்கும் போனேன், அதே பதில். அதற்கடுத்து போனபோது குமார் ஒரு யோசனை சொன்னார். லைட்டை நிறுத்துகிற நேரம் முழுக்க அவரும் முனிரத்தினத்தோடு சேர்ந்து சுவரைச் சுற்றி விசில் ஊதிக்கொண்டு வருவார். தனியாக இருந்து இருந்து முனிரத்தினத்துக்கும் பேச்சுத்துணை வேண்டியிருந்ததோ என்னவோ, எழுந்து சுவிட்சில் கை வைத்தார். வைத்துக்கொண்டே சொன்னார்: "லைட்ட நிறுத்தறேன். மேலந்து ஒரு நட்சத்திரம் கொறஞ்சா நான் ஜவாப்தாரி இல்ல."

பன்றிகள்

லைட் அணைந்தது, இனி என்ன தடை என்று நினைத்தேன். ஆலைச் சுவரை ஒட்டி சரோஜா அக்காவின் வேர்க்கடலை நிலம். பங்குனி மாதம், கடலை முற்றி நிற்கிறது, காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. அக்கா கையில் பெரிய டார்ச்சோடு ராத்திரி முழுக்கக் காவல். நான் ஷட்டரைத் திறக்கிறபோதெல்லாம் அந்த டார்ச் வெளிச்சம் புகைபோக்கியை ஒரு தடவு தடவிவிட்டுப் போகும். எடுத்த படங்களில் எல்லாம் குறுக்கே வெள்ளைக் கோடு.

வரப்பில் இறங்கிப் போய் அக்காவிடம் கெஞ்சினேன். அவர் என்னை உட்காரவைத்து, வேகவைத்த கடலையைக் கையில் கொடுத்து, "துன்னு" என்றார். ராத்திரியில் பொம்பளை ஒருத்தி தனியாக நிலத்தில் நிற்பதைப் பற்றி ஊரில் என்னென்ன பேசுகிறார்கள் என்று சொன்னார். என்னைப் பற்றியும் அதைத்தான் பேசுகிறார்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். டார்ச்சைக் கொஞ்சம் கீழே பிடிக்க முடியுமா என்று மறுபடி கேட்டதற்கு, அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "பன்னிங்கள கேட்டுக்கினு வா. அதுங்க ஒத்துக்கினா நானும் ஒத்துக்கறேன்."

அன்றைக்கு விடிகிறவரை உட்கார்ந்து ஒரே ஒரு சுமாரான படத்தோடு திரும்பினேன்.

ஷோகேஸ்

அந்தச் சுமாரான படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசல் ஷோகேஸில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஒருவரைத் தவிர. பஸ் ஸ்டாண்டில் டிபன் வண்டி போடுகிற ஏழுமலை அண்ணன், மகளுக்கு காலேஜ் அப்ளிகேஷனுக்குப் போட்டோ எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் அந்த ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத எதுக்கும்மா இங்க வெச்சிக்கினு கீற?" என்றார். அழகாக இருக்கிறதே என்றேன். அவர் கோபப்படவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். ஆலை மூடின மறுநாள் காலையிலும் பழக்கத்தில் குளித்து, சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய் நின்றவர்களில் அவரும் ஒருவராம். அன்றைக்கு அண்ணாந்து, புகை இல்லாத புகைபோக்கியைப் பார்த்ததுதான். அதற்கப்புறம் அந்த ரோட்டிலேயே அவர் போனதில்லை.

நான் தயங்கித்தான் சொன்னேன், "அண்ணா, அத இடிக்கப் போறாங்க." அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடிக்கட்டும். பொணத்த கண்ணாடிக்குள்ள வெச்சி காட்டறாப்ல கீது, எடுத்துடும்மா."

இடிப்பதற்கு முன்

படத்தை அன்று சாயங்காலமே ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். ஆலைக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இடிந்த பிறகு யாருக்கும் காட்ட ஒன்றும் இருக்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வைகாசி அமாவாசைதான் கடைசி. ஆலைக்குள் கிரேன் வந்து நின்றுவிட்டதாக முனிரத்தினம் போன் செய்தார்.

அன்று மதியத்திலிருந்தே மேகம். குமார்கூட இன்றைக்கு வேண்டாமே என்றார். நான் பேட்டரியை சார்ஜில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஏழுமலை அண்ணன் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். வண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருக்கிறார். "நானும் வரேன்" என்றார், அவ்வளவுதான். கிரேன் வந்த செய்தி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது.

ஆலைக்குள் போனதும் அவர் யாரோடும் பேசாமல் பாய்லர் வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மேகம் விலகவில்லை. முனிரத்தினத்தையும் சேர்த்து நாலு பேரும் தரையில் உட்கார்ந்தோம்; சரோஜா அக்கா கடலை பிடுங்கி முடித்திருந்ததால் டார்ச் தொல்லையும் இல்லை. மின்னல் வெட்டியது, ரெண்டு தூறல் போட்டது, கேமராவுக்கு என் துப்பட்டாவைப் போர்த்தினேன். இனி கிளம்பலாம் என்று குமார் எழுந்தபோது கிழக்கிலிருந்து காற்று வந்தது. மேகம் ஓரத்திலிருந்து கிழிந்து நகர்ந்தது, முனிரத்தினம் ஓடிப்போய் லைட்டை நிறுத்தினார். மழை பெய்த வானத்தில் தூசியே இல்லை. தெற்கே, புகைபோக்கிக்கு நேர் மேலே, நான் ரோட்டில் பார்த்ததைவிடப் பிரகாசமாகப் பால்வெளி நின்றது.

ஏழுமலை அண்ணன் அண்ணாந்தபடியே இருந்தார். "எத்தினி வருசம் இங்க நைட் ஷிப்ட் பாத்தேன். லைட்டும் கரியுமா இருக்கும். இது மேல இருந்ததே தெரியாது" என்றார். புகைபோக்கியின் அடியில் போய் நிற்கிறீர்களா என்று கேட்டேன். போனார். முதல் தடவை கொசுவை அடித்துவிட்டார், படம் கலைந்தது. இரண்டாவது தடவை இருபது செகண்டும் மூச்சுக்கூட விடாமல் நின்றார். திரையில் படம் வந்தது, வானமும் புகைபோக்கியும் அடியில் அவரும். இத்தனை மாதம் அலைந்தது இதற்குத்தான்.

அடுத்த வாரம் புகைபோக்கியை இடித்துவிட்டார்கள். நான் பார்க்கப் போகவில்லை. படத்தைச் சட்டம் போட்டு ஏழுமலை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். அவர் சம்சாரம்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய வானம், அவ்வளவு உயரப் புகைபோக்கி, அடியில் விரல் நுனி அளவுக்கு ஓர் ஆள். முகம் சரியாகத் தெரியவில்லை என்று நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை: "மூஞ்சி தெரியலன்னா இன்னாம்மா, இடுப்புல கை வெச்சிக்கினு நிக்கறது எங்கூட்டுக்காருதான்."

இப்போது ரேணிகுண்டா பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு நூல் ஆலை மேல் எனக்குக் கண். அங்கே வாட்ச்மேனுக்குத் துணையாக ஒரு நாயும் இருக்கிறது. வானத்தைப் படம் எடுக்க இருபது செகண்ட்தான் ஆகிறது, தரையில் இருக்கிறவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் வருஷமெல்லாம் போகிறது.