பயோவிலும் பிசிக்ஸ் இருக்குத்தானே

போமலின் மணம்... அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டுக்குள் மகள் நுழையும்போது அந்த மணமும் கூடவே வரும். டியூஷனில் போமலின் மருந்தில் ஊறின தவளையை வெட்டின நாளில் அவள் சோறு தின்னமாட்டாள். தேசிக்காய் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவுவாள்.

அவள் ஆசைப்பட்டது பிசிக்ஸுக்கு. பழுதான ரேடியோவைக் கழற்றுவாள். கடற்கரை ரயில் கிட்ட வரும்போது ஒரு சத்தம், தாண்டிப் போகும்போது வேறு சத்தம், ஏன் என்று என்னைக் கேட்பாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்... பிறகு அவளே படித்துவந்து எனக்கு விளங்கப்படுத்துவாள்.

ஓ.எல் ரிசல்ட் வந்து, ஏ.எல்லுக்குப் பயோப் பிரிவா, கணக்குள்ள மட்ஸ் பிரிவா என்று முடிவெடுக்கிற கிழமை கல்கிசையிலிருந்து பெரியத்தான் வந்தார். என் கணவரின் தமையன். பாங்கில் பெரிய உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை எதைப் படிப்பது என்று அவர்தான் தீர்ப்புச் சொல்வார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு மட்ஸ் என்னத்துக்கு? பயோ செய்யட்டும். டொக்டர் ஆகலாம்."

"எனக்குப் பிசிக்ஸ்தான் விருப்பம், பெரியப்பா."

"பயோவிலயும் பிசிக்ஸ் இருக்குத்தானே பிள்ளை. பிறகென்ன?"

அது பொய்யில்லை. ஏ.எல் பயோவிலும் பிசிக்ஸ் ஒரு பாடம்தான். என் கணவர் தலையாட்டினார். முடிந்தது கதை.

பெரியத்தானுடைய மகன் மட்டும் மட்ஸ் செய்தான். ஆம்பிளைப் பிள்ளைக்கு அது பொருத்தமாம்.

மகளுக்கு மெடிசின் கிடைக்கவில்லை. பிசிக்ஸில் மட்டும் ஏ. கம்பஸில் சயன்ஸ் கிடைத்தது. இனிப் பிசிக்ஸையே படிக்கலாம் என்று துள்ளிக்கொண்டு பதியப் போனாள். நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்த மிஸ் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "பே அம்மே," என்றா. ஏலாதாம். கம்பஸில் பிசிக்ஸ் எடுக்க, ஏ.எல்லில் மட்ஸ் செய்திருக்க வேண்டுமாம்.

பிசிக்ஸில் ஏ எடுத்த பிள்ளைக்குப் பிசிக்ஸில் இடமில்லையோ என்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவ சொல்றது சரியம்மா. மட்ஸ் தெரியாமப் பிசிக்ஸ் படிக்கிறது, பாஷை தெரியாமக் கதை கேக்கிற மாதிரி."

பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும் அழுதாள்... சத்தமில்லாமல்.

பெரியத்தானிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

"அதுக்கென்ன, பொட்டனியும் நல்ல பாடம்தானே."

"அப்ப நீங்கள் போய்ப் படியுங்கோ," என்றேன்.

அதன்பிறகு கனகாலம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கொரு நட்டமுமில்லை.

இப்போது எல்லாம் போனில் கிடக்கிறது. எந்தக் கம்பஸில் எதைப் படிக்க எது வேண்டும் என்று பேத்தி படுத்துக்கொண்டே பார்த்துவிடுகிறாள். எங்களுக்கு அப்போது இருந்தது டை கட்டின ஒரு மனிதர். தீர்ப்புச் சொல்ல முன்னம் அந்தக் கவுண்டரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

பேத்தி மட்ஸ் எடுத்திருக்கிறாள். அவள் கணக்குச் செய்யும்போது, வேலையால் வந்த மகளும் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, அதே புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து தானும் செய்கிறாள்.

"இது இவ்வளவு வடிவா இருக்குமெண்டு தெரியாமப் போச்சே அம்மா," என்று நேற்றுச் சொன்னாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.