மாமா நாணை இழுத்து விட்டார்

சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் வாங்கும்போதே கோச் எச்சரித்தார். "நீட்டு வில்லையே எடு தம்பி. கனம்தான், ஆனா நீ கொஞ்சம் பிசகுனாலும் மன்னிச்சுரும். இந்தக் குட்டை வில்லு வேட்டைக்குன்னே செஞ்சது. தூக்க லேசு, அம்பு பிச்சுக்கிட்டுப் போகும். சின்னத் தப்புக்கும் பழி வாங்கும்."

நான் கேட்பேனா? எனக்கு வேகம்தான் வேண்டும். குட்டையையே எடுத்தேன். அதில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி குறைவு. அம்பு பறக்கும், ஆனால் நாண் முன்கையைச் சீவும். இரண்டு மாதம் சிராய்ப்போடு திரிந்து ஒருவழியாகப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை மாநில அணித் தேர்வு. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அருள்புரத்தில் மாமாவின் பனியன் கம்பெனிக்கு வில்லோடு போனேன். வில்லுக்குப் பணம் தந்தவரே அவர்தான், ஆனால் அதை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"ஏங்கண்ணு, இதென்ன ரெண்டு பக்கமும் சக்கரம்? கொண்டா இங்க."

"ரொம்ப டைட்டுங்க மாமா."

"போடா, துணி ரோல் தூக்குற கையிடா இது!"

பல்லைக் கடித்து இழுத்தார். பாதிக்கு மேல் சக்கரம் திரும்பியதும் பாரம் குறைந்தது. மாமா சிரித்தார். "அட, லேசாயிருச்சு!"

அப்படியே விட்டுவிட்டார். அம்பே இல்லாமல்.

முப்பது வருடப் பழக்கம். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியோ எலாஸ்டிக்கோ, கையில் எது கிடைத்தாலும் இழுத்து விட்டு, பழையபடி சுருங்குகிறதா என்று 'ரிக்கவரி' பார்ப்பார். ஊரே அப்படித்தான். ஆனால் அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பிவிட்டது.

டயர் வெடித்த மாதிரி சத்தம். செக்கிங் டேபிளில் இருந்த அக்காக்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். வில்லின் மேல்கை நாராகப் பிளந்திருந்தது. நாண் அறுந்து தொங்கியது. மாமாவின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரல் கீழே, ரத்தம்.



"நான் ஒண்ணும் பண்ணலியே கண்ணு," என்றார் கைப்பிடியை விடாமல். "ரிக்கவரிதான பாத்தேன்..."

ஓர் அக்கா வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அவர் கன்னத்தில் அழுத்தினார். "கண்ணு போயிருக்குமேங்க மொதலாளி!"

மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. என்னையே பார்த்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணீறலாமில்ல?"

பிளந்த அந்த மேல்கைக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

"சரியாயிருங்க மாமா," என்றேன். "மொதல்ல ஆஸ்பத்திரி போலாம், வாங்க."