மாப்பிள்ளையோடு ஒரு ஃபைனல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் எனக்குச் செய்த அநியாயத்துக்கு வரலாம். ஒரே அறையில் அடுப்படி, படுக்கை, பாத்திரம் கழுவும் மோரி எல்லாம் இருக்கிற தாராவி வீட்டில், அதுவும் அம்மா கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது, போனில் வந்த செய்தியை வாய்விட்டுப் படித்தவன் நான். மனசுக்குள் படிக்கத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பெருமை பொங்கிவிட்டால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொள்ளும். இன்றைக்கும் ஆபீசில் என்னிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் சந்துப் பையன்கள் எல்லோரும் ஆன்லைனில் ஒரு கேமுக்குள்தான் குடியிருந்தார்கள். பெரிய ராஜ்ஜியம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் வாளும் கேடயமுமாக அதில் அலைவார்கள். நான் கோட்டை வாசலைத் தாண்டியதுமே யாராவது என்னை வெட்டிப்போடுவார்கள். குறை என் வீரத்தில் இல்லை, போனில். அக்கா வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியதும் எனக்குத் தள்ளிவிட்ட பழைய போன் அது. வாளை உருவு என்று நான் அமுக்கினால், என் தலை உருண்டு ஓடிய பிறகு ஆற அமர உருவும்.

ஆனால் அந்த ராஜ்ஜியத்துக்குள் ஒரு மண்டபம் இருந்தது. வாளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனால் பலகை ஆட்டம். ஆளுக்கு ஒரு ராஜா, இரண்டு யானை, ஒரு வரிசைச் சிப்பாய்கள். எதிராளியின் ராஜா நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஜெயம். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் இந்தியில் கோட்டை என்று அர்த்தம் வரும்படி ‘கில்லா’ என்று நாங்களே ஒரு பெயர் வைத்தோம். யோசிக்க நேரம் கொடுப்பார்கள் என்பதால் என் போன் திக்கித் திணறினாலும் குடி மூழ்காது. சனிக்கிழமைதோறும் டூர்னமெண்ட். ஜெயிப்பவருக்கு இறக்கை முளைத்த தங்கக் குதிரை ஒன்று. கூடவே அரண்மனைக் கதவில் அடுத்த சனிக்கிழமை வரை அவர் பெயர். தலையணையைக்கூடப் பங்குபோட்டுத் தூங்கிய எனக்கு, எனக்கே எனக்கென்று ஒரு குதிரை என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுத்தது.

அங்கே என் பெயர் தாராவி டான். டான் தன் சாக்ஸைத் தானே துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது வேறு விஷயம்.

டான் ஒரு வாரம் ஃபைனலுக்கு வந்துவிட்டான். எதிராளியின் பெயர் டோம்பிவிலி லயன். முந்தின நாள் சாயங்காலமே லயன் செய்தி அனுப்பியது. “தாராவியா? தமிழா?” சத்தமாகப் படித்தேன். “ஆமா, நீங்க?” என்று அடித்தேன். “டோம்பிவிலி. நேட்டிவ் நாங்குநேரி பக்கம்.” அதையும் படித்தேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

லோக்கல் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் ஊர் கேட்டு, குர்லா வருவதற்குள் அவளை ஏதோ ஒரு முறையில் சொந்தமாக்கிவிடுகிறவள் என் அம்மா. அவளுக்கு நாங்குநேரி என்ற ஒரு சொல் போதாதா?

“ஏல, அவிய அப்பா என்ன பண்ணுதாவன்னு கேளு.”

“எம்மா, இது கேம்மா!”

“கேளுல.”

கேட்டேன். காட்கோபரில் இரும்புக் கடை. கூடப் பிறந்தது? ஒரே அக்கா, கட்டிக்கொடுத்து புனேயில். “படிப்பு கேளு” என்றாள். எனக்கு மானம் போயிற்று. ஃபைனலுக்கு முன்னால் எதிரியிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிற டானை யாராவது பார்த்திருக்கிறீர்களா? லயனோ மகிழ்ச்சியாகப் பதில் சொன்னது. பி.காம்., இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அதோடு, “என்ன தம்பி, பொண்ணு எதுவும் இருக்கா?” என்று கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொண்ணு இருந்தது. மோரிப் பக்கம் உட்கார்ந்து மறுநாள் ஆபீசுக்கான துணியை அலசிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த டோம்பிவிலி மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காட்கோபரில் இரும்புக் கடை. மாப்பிள்ளையின் அக்கா புனேயில்.

அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் செம்பூரில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா. உடனே அவளுக்குப் போன் போயிற்று. அத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, “அவரேதான்!” என்று தீர்ப்பளித்தாள். எனக்கு ஒரு நம்பிக்கை துளிர்த்தது. கேம் ஆடுகிற மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

“மாப்பிள்ள இந்த வயசுல கேம் ஆடுதாரே அத்த, அது பரவாயில்லியா?” என்று போனுக்குள் கத்தினேன்.

“நாள் பூரா கணக்குப் பாக்காரு. மூளையத் தீட்டதுக்கு ஆடுவாரா இருக்கும். நல்லதுதானல.”

கேட்டீர்களா நியாயத்தை? அதே கேம், அதே மண்டபம், அதே இரண்டு யானை. நான் ஆடினால் உருப்படாமல் போவேன். அவர் ஆடினால் மூளை தீட்டப்படும். இதற்காக அந்த வாரம் மட்டும் நான் வாங்கிய அடிக்கு யார் பதில் சொல்வது?

அடுத்து வந்ததுதான் பேரிடி. அத்தை ஸ்பீக்கரில் சொன்னாள்: “எம்மா, ஒன் மவன்கிட்ட நாளைக்குத் தோத்துரச் சொல்லு. சனிக்கிழம தோத்துட்டு, ஞாயித்துக்கிழம சிரிச்ச மூஞ்சியா எவனாவது பொண்ணு பாக்க வருவானா?”

“நாந்தான் டான்னு அவருக்குத் தெரியாதுல்லா?”

“ஒன் வாயி சும்மா இருக்குமால?” என்றாள் அம்மா.

அப்பாவிடம் முறையிட்டேன். பை தைக்கிற பட்டறையிலிருந்து கையெல்லாம் பசையோடு வந்திருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “வெளையாட்டுதானடே, தோத்தா என்ன கொறஞ்சிரும்?” என்றார். “கொறயாதுன்னா அவரே தோக்கட்டுமேப்பா” என்றேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிப் போனார். எங்கள் வீட்டு நீதிமன்றம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை மல்லிகைப்பூவும் கேசரிக்கு ரவையுமாக வந்து இறங்கினாள். மறுநாளைக்கான ஏற்பாடு. நான் சுவரோரம் போனோடு உட்கார்ந்தேன். அம்மா தோசைக் கரண்டியோடு பின்னால் நின்றாள்.

“ஏல, தோக்கணும்னா எத அமுக்கணும்?”

“இந்தா, ஓரத்துல வெள்ளக்கொடி இருக்குல்லா, அதத்தான்” என்று விரலை வைத்துக் காட்டினேன். என் முட்டாள்தனம் ஒன்றோடு முடிந்தது என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

தோற்பதற்கு மனசார ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் கை சொன்னபடி கேட்கவில்லை. சிப்பாயை வேண்டுமென்றே சாகக் கொடுக்க விரல் கூசியது. அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இந்தக் கேமை ஏறெடுத்தும் பார்க்காத அக்கா, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு என்னை உரசியபடி வந்து உட்கார்ந்தாள்.

“இப்ப அவரு என்னல பண்ணாரு?”

“என் யானையக் கொன்னுட்டாரு.”

“கொல்லலன்னா அது அவர ஏதாவது பண்ணிருக்குமா?”

“ஒண்ணும் பண்ணாதுக்கா. மூலையில மாட்டிக் கெடந்துச்சு. சும்மா கொன்னாரு.”

“சும்மாவா?” என்றாள். லயன் சிரிக்கும் பொம்மை போட்டது. “ரோ தம்பி ரோ” என்று இந்தியில் வேறு. அழு தம்பி, அழு. அக்கா போனை வாங்கி அதை ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு ஒரே பெருமை. கடைசியில் வீட்டில் ஒருத்திக்காவது கில்லாவின் அருமை தெரிந்துவிட்டது என்று ஒவ்வொரு நகர்த்தலையும் விளக்கினேன். அவளும் விடாமல் கேட்டாள். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார், உன் ஆள் சிக்கியதும் ஏன் அவசரப்படுகிறார் என்று. கேள்வி எல்லாம் அவர் பக்கத்து ஆட்டத்தைப் பற்றித்தான். எதிரியைக் கவனிக்கத் தெரிந்தவள், நல்ல ஆட்டக்காரியாக வருவாள் என்று அந்த வயதில் நான் கணித்தேன்.

மூலை யானையைக் கொல்ல லயன் தன் ஆள்களை அந்தப் பக்கம் இழுத்திருந்தது. இந்தப் பக்கம் ராஜா தனியாக நின்றார். சத்தியமாக நான் தேடவில்லை. வழி தானாகக் கண்ணில் பட்டது. என் சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறியதும் லயன் பதறியது. “தம்பி, கை தவறிட்டு. என் மூவ் ஒண்ண பேக் குடு” என்று செய்தி. வழக்கம்போல் நான் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.

“குடுல” என்றாள் அம்மா.

“பெரியவங்க கேக்காவல்லா, குடு” என்றாள் அத்தை.

கொடுத்தேன். டூர்னமெண்ட் ஃபைனலில் போன மூவைத் திருப்பிக் கொடுத்த ஒரே மகான் நானாகத்தான் இருப்பேன். திருப்பி வாங்கியும் லயனுக்குத் தப்பத் தெரியவில்லை. சுற்றிவளைத்து அதே பொந்துக்கு வந்து சேர்ந்தது. மறுபடியும் கேட்டது. இந்தமுறை நயமாக இல்லை. “நெட் ப்ராப்ளம். இது சீட்டிங். பேக் குடுறா.”

அக்கா என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்: “குடுக்காத. ஜெயி.”

உடம்பெல்லாம் சிலிர்த்தது. உலகமே எதிர்த்து நிற்கும்போது எனக்காக நின்ற ஒரே ஜீவன்! கடைசி யானையை நகர்த்தினால் முடிந்தது. குதிரையின் இறக்கைகூட எனக்குத் தெரிந்தது. விரலை வைக்கப்போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. தோசை மாவு ஒட்டிய விரல். வெள்ளைக்கொடியில் சரியாக ஒரு அமுக்கு.

திரையில் லயன் தங்கக் குதிரையேறிப் பறந்தது.

நான் தரையில் விழுந்து புரண்டேன். “கொஞ்சம்கூட ஞாயம் இல்லியா? தோக்கதையாவது என் கையால தோக்க விட்டியளா?” என்று கத்தியது அடுத்த சந்துக்குக் கேட்டிருக்கும். அத்தை கேசரிக்கு எடுத்துவைத்த முந்திரிப்பருப்பில் நாலை என் வாயில் திணித்தாள். அக்கா எழுந்துபோய் மடித்து வைத்த புடவையையே மறுபடி பிரித்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லயன் சிரித்த முகமாக வந்தது. கட்டம்போட்ட சட்டை, நல்ல நிறம். தண்ணீர்த் தட்டை ஏந்தி நின்றவன், வேறு யார், டான்தான். “மாப்பிள்ளைக்கு ஆபீஸ் போவ மத்த நேரம் எப்படிப் போவுது?” என்று அப்பா பேச்சுக்குக் கேட்டார். “கொஞ்சம் கேம் ஆடுவேன். நேத்துகூட ஒரு ஃபைனல். இந்தத் தாராவிப் பையன்தான் எவனோ ஒருத்தன். முடியாம வெள்ளக்கொடி காட்டிட்டு ஓடிட்டான்” என்றார். “நல்ல மூள!” என்று அத்தை கன்னத்தில் கைவைத்து அதிசயித்தாள். அம்மா ஒரு கரண்டி கேசரியை என் வாயில் வைத்து அடைத்தாள். நெய் ஒழுகும் அநியாயம்.

மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையாக, “பொண்ணு ஏதாச்சும் கேக்கணும்னா கேக்கலாம்” என்றார். நான் அக்காவையே பார்த்தேன். கேள் அக்கா, நேற்று நடந்ததைக் கேள், யார் ஓடியது என்று கேள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா நிமிர்ந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கேக்க ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காதோடு ஜெயி என்றவள் சபையில் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று கல்யாணம் முடியும்வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

அக்கா டோம்பிவிலிக்குப் போய் வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தான் நல்லவர்தான், ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை. இந்தியா மேட்ச் தோற்றால் அக்கா வைத்த சாம்பாரில் உப்பு கூடிவிடும். ஆபீசில் பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனபோது அந்த வீட்டில் பல நாள் மிக்ஸிகூட வாயைத் திறக்கவில்லை. போன மாதம் போயிருந்தேன். அத்தானும் அவர்களுடைய சின்னப் பெண்ணும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் காய் குழிவாயில் நின்றது, ஊதினால் விழும். குழந்தை சமையலறை வாசலில் நின்ற அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்ட்ரைக்கரைச் சிவப்பில் படாமல் நன்றாகத் தள்ளி அடித்தாள். அத்தான் கைதட்டிச் சிரித்தார்.

எனக்குப் பழைய ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், என் குதிரைக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். அம்மாவைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன். “நீ ஒருத்திதான்க்கா அன்னைக்கு எனக்காக நின்ன. ஜெயின்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?” என்றேன்.

அக்கா கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:

“தோத்தா எப்படி இருப்பாருன்னு பாக்கத்தான் சொன்னேன்.”